ஒரு நம்பருக்கு ஒரு வரி

தினமும் காலை எட்டரை மணிக்கு எதிர் வீட்டிலிருந்து என் குரல் கேட்கும். நான் இங்கே அடுப்படியில் வாயைத் திறக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அங்கே என் குரல், "அண்ணாச்சி, மாத்திரை போட்டாச்சா? போட்டாச்சுன்னா ஒண்ணை அமுக்குங்க" என்று சொல்லும். எதிர் வீட்டு அண்ணாச்சி போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். அதனால் தெருவில் ஓடுகிற தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தெளிவாக விழும். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஆறரை மணி. ஆறரைக்கு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. தறியும் அப்போது ஓடாது. கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே நின்று, அந்த ஒன்றும் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் பதினாலு வருஷம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பெரிய பெரிய கடைகள் இருந்தன. இருந்தும் எங்கள் தெருப் பெண்கள் என்னிடம்தான் வந்தார்கள். என்னிடம் யாரும் நம்பர் சொல்ல வேண்டியதில்லை. ஆள் வாசலில் காலை வைக்கும்போதே என் விரல் நம்பரைத் தட்டியிருக்கும். எழுத்து எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு பக்கம் போய்விடுவார்கள். ஆனால் எண் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், சாகும்வரை இருக்கும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆட்களையே கடைசி இரண்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். "வாட்டி நாப்பத்தொண்ணு, மகன் பேசுனானா?" "என்ன அறுபத்திரெண்டு, அதுக்குள்ள நெட்டு தீந்துட்டா? அப்படி என்னத்தப் பாக்க?" கேலி செய்வார்கள், ஆனால் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவே என் மண்டைக்குள் நம்பர் நம்பராக உட்கார்ந்திருந்தது.

எதிர் வீட்டுக்காரி எழுபத்தாறு. ராயகிரியில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். எனக்கு மதினி முறை வைத்துப் பழகியவள். அவள் புருஷன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைத்தான் அண்ணாச்சி என்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரே போன். ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும். ரீசார்ஜ் பண்ண எப்போதும் அவள்தான் வருவாள். அண்ணாச்சி ஒருநாளும் கடை வாசல் ஏறியதில்லை. அதனால் எனக்கு எழுபத்தாறு என்றால் அவள்தான். அந்த நம்பருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு எல்லாரும் தங்கள் போனிலேயே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடையை மூடினேன். நம்பர்கள் மட்டும் என்னிடமே தங்கிவிட்டன.

என் மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அவள் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். ஒரு ஆப்பில் லட்சம் பேர் இருக்கிறார்கள் என்றால், அந்த லட்சம் பேருக்கும் எது பிடிக்கும், எது வேண்டாம், எந்த மொழியில் காட்ட வேண்டும், எப்போது மணி அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் கலந்துவிடாமல் எடுத்து வைக்க வேண்டும். அதற்குக் கட்டம் கட்டமாக டேபிள் போட வேண்டும். எந்தக் கட்டத்தில் எது என்று முதலில் யோசித்து வைப்பவள் இவள். ஒரு ஆளுக்கு ஒரு வரி. வரியில் ஒவ்வொரு கட்டமும் அந்த ஆளின் ஒரு விருப்பம். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்றாம் வகுப்பு போதுமாக இருந்தது.

எங்கள் தெருவில் பிள்ளைகளெல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் எல்லாரும் மாத்திரைக்காரர்கள். போட்டோமா இல்லையா என்பது பாதிப் பேருக்கு மறந்துவிடும். ஒருநாள் சாப்பிடும்போது மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"அத்தை, காலைல ஆளாளுக்கு ஒரு போன் போற மாதிரி செஞ்சிரலாம். மிஷினே போன் போடும். மாத்திரை போட்டவங்க ஒண்ணை அமுக்கணும். அமுக்கலன்னா மூணு தடவை அடிச்சுப் பாத்துட்டு நமக்குச் சிவப்பா காட்டும்."

"மிஷினு இங்கிலீஷ்ல பேசும். எவ எடுப்பா?"

"நீங்க பேசுங்க."

என் குரல் என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகத் தரையில் உட்கார்ந்தாள். எதிரே நான். "ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் என்னென்ன மாறும், சொல்லுங்க" என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் கட்டம் போட்டாள். மாத்திரை நேரம் மாறும். எத்தனை தடவை அடிக்கலாம் என்பது மாறும். சிலருக்கு ரெண்டாம் தடவை அடித்தாலே கோபம் வந்துவிடும். பிறகு நான் சொன்ன ஒரு கட்டத்துக்கு அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எப்படிக் கூப்பிடணுங்கிறது மாறும்லா" என்றேன். "எல்லாரையும் ஒரே மாதிரி கூப்பிட்டா போனை வச்சிருவாளுக. ஒருத்திக்கு ஏட்டின்னாத்தான் காது கேக்கும். ஒருத்திக்கு அக்கான்னு சொல்லணும். ஆம்பளைகளுக்கு அண்ணாச்சி."

"அத்தை, எங்க கம்பெனில பத்துப் பேரு உக்காந்து யோசிச்சாலும் இந்தக் கட்டம் வராது."

கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "ஒரு வரி இன்னாருடையதுன்னு எதை வச்சு அடையாளம் வைக்க? பேரு வச்சா ஒரே பேருல நாலு பேரு இருக்காங்க."

"நம்பரை வையி."

"ஒரே போனை ரெண்டு பேரு வச்சிருந்தா? அப்போ ரெண்டாவது ஆளைச் சேக்கும்போது முதல் ஆளோட வரி அழிஞ்சிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால மாத்துறது கஷ்டம்."

"பதினாலு வருஷம் இந்தத் தெரு நம்பரை நான் தட்டியிருக்கேன், நீயா தட்டுன? ஒரு நம்பர்னா ஒரு ஆளு. எனக்குத் தெரியாதா?"

அவள் பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எதற்கும் அதே நம்பர் மறுபடி வந்தால் காட்ட ஒரு எச்சரிக்கை வைத்துவிடுகிறேன் என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

மாதம் ஒருநாள் மின்சார வாரியத்துக்காரர்கள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தறிகள் ஓடாது. அந்த அமைதியில் என் குரலைப் பதிவு செய்தாள். அண்ணாச்சிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று. ஏட்டி என்று கூப்பிடுகிற குரலை மட்டும் நான் எழுபத்தாறை நினைத்துக்கொண்டு பேசினேன். "ஏட்டி, எந்திரிச்சாச்சா? மாத்திரையைப் போடு மொதல்ல. அப்புறம் கோலம் போடலாம்." அவளுக்கு ரத்தக் கொதிப்பு. எழுந்ததும் போடவேண்டிய மாத்திரை.

அவளுக்கு ஆறரை மணி வைத்தோம். முதல் நாள் போன் அடித்ததும் எதிர் வாசலில் இருந்து அவள் கத்தியது எனக்கே கேட்டது. "ஏ மதினி! நீ அங்கன நிக்க, இங்கன பேசுத! பேயி மாதிரி இருக்கு!"

"அப்படித்தான் பிடிச்சு ஆட்டுவேன். மாத்திரையைப் போடுட்டி!"

அண்ணாச்சி விடிகிற நேரத்தில் நடக்கப் போய், பஸ் ஸ்டாண்டில் டீ குடித்து, பழைய சேக்காளிகளோடு பேசிவிட்டு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். போன் வீட்டில்தான் கிடக்கும். அவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் கேலி. "மாத்திரைக்கும் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தாச்சா தங்கச்சி?" என்பார்.

ஆரம்பத்தில் ஒரு குழப்பம் நடந்தது. அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் எழுந்ததும் தானாக ஒரு மாத்திரை போட்டார். பிறகு போன் அடித்ததும் இன்னொன்று போட்டார். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே நான் வீடு வீடாகப் போய்ச் சட்டம் போட்டேன். போன் வந்தால்தான் மாத்திரை. முன்னாடியே போடக்கூடாது. எல்லாரும் சரி என்றார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

ஆடித்தபசுக்கு முந்தின வாரம் அண்ணாச்சிக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். கேலி செய்தவர் தானே தேடி வந்தார். "தங்கச்சி, என்னையும் ஒங்க பஸ்ஸுல ஏத்திக்கோங்க" என்றார். மருமகள் அப்போது கம்பெனிக் கூட்டத்தில், காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். ஆட்களைச் சேர்க்க எனக்காகவே என் போனில் ஒரு பக்கம் செய்து தந்திருந்தாள். எண்கள் பெரிதாக இருக்கும். கூப்பிடும் முறைக்குப் படம் இருக்கும். மீசை வைத்த படம் அண்ணாச்சி.

நம்பர் தட்டினேன். மீசையைத் தொட்டேன். எட்டரை மணி வைத்தேன். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். உடனே சிவப்புக் கட்டம் ஒன்று வந்து நின்றது. அதில் இரண்டு வரி எழுத்து. அண்ணாச்சி பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்துக் கூட்டினேன். "இந்த நம்பர் முன்பே உள்ளது." ஆமாம், உள்ளதுதான், எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதை வாசிக்க நேரம் பிடிக்கும். நான் திணறுவதை அவர் பார்ப்பார். மருமகளைக் கூப்பிட்டால் இவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "ஆம்" என்ற பொத்தானை அமுக்கினேன். கட்டம் மறைந்தது. "ஏத்தியாச்சு அண்ணாச்சி. சீட்டு பிடிச்சு உக்காருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

பத்து நாள் கழித்துப் பால் வாங்குகிற இடத்தில் எழுபத்தாறு என்னிடம் கேட்டாள்.

"மதினி, இப்பல்லாம் ஒன் போனு எனக்கு வரல. அவியளுக்குத்தான் எட்டரைக்கு வருது."

"வரும், வரும். ரெண்டு பேருக்கு ஒரு போனு. மிஷினு கொஞ்சம் திணறும்லா."

"அப்போ நானா போட்டுக்கிடவா?"

"ஏட்டி, சட்டம் என்ன? போன் வந்தா போடு. நாளைக்கு வந்துரும்."

"சரி, ஒஞ் சட்டம்" என்று சிரித்தாள். தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போய் மருமகளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். போகிற வழியில் மறந்துபோனேன். பிறகு ஒருநாள் நினைவு வந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எழுபத்தாறுக்கு நேராகப் பச்சை. அடுத்த நாளும் பச்சை. பச்சை என்றால் போன் போயிருக்கிறது, மாத்திரை போட்டாயிற்று. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். தினமும் ஒன்றை அமுக்கியது அண்ணாச்சி. நான் பார்த்த பச்சை அவருடையது.

அவளும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம், ஒரு காலையில் அவள் அடுப்படியில் விழுந்து கிடந்தாள். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் உயிரில்லாமல் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்தன்று அண்ணாச்சி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்காதவை.

"பாருங்க! ரெண்டு மாசத்து மாத்திரை. தங்கச்சி தினமும் ஆறரைக்கு போன் போட்டுச் சொல்லுதாவ. காதுல வாங்கினாத்தான? பிடிவாதக்காரி. தன்னால செத்தா. என்னையும் பிள்ளையையும் நெனச்சுப் பாத்தாளா?"

திருப்பூரிலிருந்து வந்திருந்த அவர் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்கள் அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "ஆமா, அவ சொன்னா கேக்க மாட்டா" என்றாள் ஒருத்தி. "போன் அடிச்சும் போடலன்னா என்ன செய்ய?" என்றாள் இன்னொருத்தி. நானும் உச்சுக் கொட்டினேன். அப்போது எனக்கும் தெரியாது. அவள்மேல் எனக்கும் கோபமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மருமகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். செத்தவளுக்குப் போகிற போனை நிறுத்தலாம் என்று எடுத்திருக்கிறாள்.

"அத்தை, எதிர்வீட்டு அத்தை பேரே இதுல இல்ல. அந்த நம்பர்ல ஒரு வரிதான் இருக்கு. அண்ணாச்சி வரி."

"முன்ன இருந்துச்சுல்லா?"

"இருந்துச்சு. அதுமேலேயே இதை எழுதியாச்சு. எதிர்வீட்டு மாமாவைச் சேத்த அன்னைக்கே அந்த அத்தையோட நேரம், பேரு, கூப்பிடுற முறை எல்லாம் போயிருச்சு. ஆறரைக்கு அந்த வீட்டுக்குப் போனே போகல." அவள் கண் கலங்கியிருந்தது. "தப்பு எம் பேருல. நம்பரை வச்சு வரி போட்டது நான்தான். படிச்சவ நானே இதை விட்டுருக்கக் கூடாது."

சிவப்புக் கட்டமும் அதன் இரண்டாவது வரியும் அப்போதுதான் எனக்குள் எழுந்து நின்றன. என்ன எழுதியிருந்தது என்று கேட்க வாய் வரவில்லை. பழைய வரி அழிந்துவிடும், சரியா என்றுதான் இருந்திருக்கும் என்பது கேட்காமலே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அவள் டேபிளைப் பிரித்துப் புதிதாகப் போட ஆரம்பித்தாள். ஆள் தனி, போன் தனி, விருப்பம் தனி. ஒரு போனுக்குப் பின்னால் எத்தனை ஆள் வேண்டுமானாலும் இருக்கலாம். எதையும் அழித்து எழுதக்கூடாது. மாற்றினால் புது வரி. பழையது பழையதாகவே இருக்கும். "என்னைக்கு மாத்துனது, யாரு மாத்துனதுன்னும் கட்டம் வைக்கப் போறேன் அத்தை" என்றாள்.

"பழசுல அது இருக்கா?"

"இல்ல. அதான் யாரு அழிச்சதுன்னு இனிமே கண்டுபிடிக்கவே முடியாது. நானேகூட ஏதாவது சோதனை பண்ணும்போது அழிச்சிருப்பேன்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் தெரியாது, எங்கேயும் பதிவில்லை. கம்ப்யூட்டரே மறந்துவிட்டது. என் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நிம்மதி ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் என் குரல் கேட்டது. "ஏட்டி, எந்திரிச்சாச்சா? மாத்திரையைப் போடு மொதல்ல." வாளியைப் போட்டுவிட்டேன். தண்ணீர் காலடியில் ஓடியது. உள்ளே மருமகள் புது டேபிளைச் சோதித்துப் பார்க்கப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட விட்டிருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்க வேண்டியவள் எதிர் வீட்டில் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. போக இடமில்லாமல் என் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

"அதை அழிச்சிரு" என்றேன்.

"இனிமே எதையும் அழிக்கிறதில்ல அத்தை" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறரை ஆனால் கை தானாக நின்றுவிடும். எதிர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் போன் அடிக்கிற மாதிரி இருக்கும். காது கொடுத்தால் இருக்காது. அவள் ஈரத்தலையோடு அந்த ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். எட்டரைக்கு அண்ணாச்சியைக் கூப்பிடுகிற என் குரல் வேறு யாரோ ஒருத்தி பேசுகிற மாதிரி ஒலித்தது. மானம் கெட்டவள் ஒருத்தி. அண்ணாச்சி வேறு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்த அட்டைப்பெட்டியைக் காட்டுவதை நிறுத்தவில்லை. காய்க்காரி, கேபிள்காரன், மகளின் மாமியார் என்று யாரையும் விடவில்லை. "போன் அடிச்சும் போடாதவ" என்பதே செத்தவளுக்குப் பெயராகிவிட்டது. இருந்த காலத்தில் அவளை எழுபத்தாறு என்று நான் கூப்பிட்டேன். செத்த பிறகு அவளுக்கு இப்படி ஒரு பெயர் வந்ததும் என்னால்தான்.

கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள் போனேன். எட்டு மணி தாண்டியிருந்தது. அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. இன்ஸ்பெக்டரம்மா நேர்லயே வந்துட்டியளே."

"அண்ணாச்சி, மதினிக்கு போன் வரல."

"என்னது?"

"ஒங்களைச் சேத்த அன்னைக்கு அவ வரியை நான் அழிச்சிட்டேன். ஒங்க முன்னாலதான். ஒரு செவப்புக் கட்டம் வந்துச்சு. வாசிக்கத் தெரியல. கேக்க வெக்கப்பட்டு ஆம்னு அமுக்கிட்டேன். அன்னையிலேர்ந்து ஆறரைக்கு இந்த வீட்டுக்குப் போனே வரல. அவ எங்கிட்ட கேட்டா. வரும், அதுவரைக்கும் போடாதன்னு நான்தான் சொன்னேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நிறுத்தியிருந்தால் மிச்சம் வந்திருக்காது.

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் தினமும் கேப்பேனே" என்றார் மெதுவாக. "டீ குடிச்சிட்டு வந்ததும் கேப்பேன். 'என்ன, ஒன் சேக்காளி போன் போட்டாளா?'ன்னு. கேலியாத்தான் கேப்பேன். 'போட்டா, போட்டா, அவ மிஷினுக்கு ஒண்ணும் கொறை இல்ல'ன்னு சொல்லுவா. போன் வரலன்னு சொன்னா நான் ஒங்களைக் கிண்டல் பண்ணுவேம்லா. அதான் சொல்லல. ஒங்களை எங்கிட்ட விட்டுக்கொடுக்கல, தங்கச்சி."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்ட்ட கேட்டேன்" என்றார். "மாத்திரை போட்டாலும் சில பேருக்கு வரும்னுதான் சொன்னாரு. வராமலும் போயிருக்கலாம்னும் சொன்னாரு. அதை விடுங்க. அது இனிமே நமக்குத் தெரியப் போறதில்ல." மடித்த பேப்பரைக் கீழே வைத்தார். "ஆனா நான் அவளை வீடு வீடா பிடிவாதக்காரின்னு சொல்லிட்டனே. நான் சொன்ன எடத்துலயெல்லாம் நீங்க போய்ச் சொல்லணும். நான் சொன்னா பொண்டாட்டிக்காகப் பேசுதாம்பாவ. நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"மொதல்ல வீட்டுல சொல்லுங்க. அந்தப் பிள்ள தன் தப்புன்னு நெனச்சுக் கெடக்கு. அன்னைக்கு எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போச்சு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, நான் தேத்தி அனுப்புனேன்."

அது எனக்குப் புதுச் செய்தி. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த எச்சரிக்கையை எழுத்துல வச்சது என் தப்பு அத்தை. உங்களுக்குன்னு செஞ்ச பக்கத்துல உங்க குரல்லயே சொல்ல வச்சிருக்கணும்" என்றாள். எனக்கு வாசிக்க வராது என்பது இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். நான்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தெருவில் இறங்கினேன். இந்தத் தெருவில் நான் தலை குனிந்து படியேறியது அந்த மூன்று நாள்தான். நாற்பத்தொன்று, "விடுங்க மதினி, வேணும்னா செஞ்சிய?" என்றாள். அறுபத்திரெண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் என் போனுக்குக் காத்திருந்து மாத்திரை போடுகிறவள்தான். அவள் பயம் நியாயமானது. அடுத்த தெருப் பெரியவர், இனிமேல் தனக்குப் போன் வேண்டாம், காலண்டரில் கோடு போட்டுக்கொள்கிறேன் என்றார். நான்கு பேர் விலகினார்கள். விலகியவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எல்லாரிடமும் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. நான் சொன்ன சொல்லைக் கேட்டாள்.

கடைசியாக மகள். நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னதும், அவர் திருப்பூருக்குப் போன் போட்டு, "அத்தை பேசணுமாம்" என்று என் கையில் கொடுத்தார். அவள் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சியிடம் சொன்ன அதையே மறுபடியும் சொன்னேன்.

"அத்தே" என்றாள். "நான் வேலைக்குக் கிளம்புற நேரம் ஆறரைதான். அப்பதான் அம்மாட்ட பேச நேரம் இருக்கும். அம்மா அந்த நேரம் கூப்பிடாதன்னுட்டா. ஒங்க போன் வரும், லைன் பிஸியா இருந்தா நீங்க ஏசுவியன்னு. கடைசி வாரம்கூட சொன்னா. நான் ஒரு தடவை மறந்து கூப்பிட்டுட்டேன். 'வையிட்டி, அத்தை போன் வர்ற நேரம்'னு பேசாம வச்சிட்டா."

பிறகு அவள் அழுதாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை நின்றேன்.

"அம்மா வேணும்னு போடாம இருக்கல, இல்லியா அத்தே?"

"இல்ல மக்கா. எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

"அது போதும்" என்றாள். போதும் என்று அவள் சொன்னது அவளுக்கு; எனக்கு இல்லை.